கங்கைமாதிரி சுத்திகரிப்பு நிலையம் கேக்கிறதோ? கனகராயன் ஆறு சம்பந்தமா ஒரு கேள்வி

கனகராயன்குளம் கமக்காரன்:
வணக்கம். எங்கட கமக்காரர் அமைப்பால பிரதேச செயலாளருக்கு ஒரு மகஜர் குடுக்கப் போறம். கனகராயன் ஆறு எங்கட பக்கத்தால ஓடி இரணைமடுக் குளத்தில விழுகுது. அந்தத் தண்ணியை நம்பித்தான் கிளிநொச்சிப் பக்கம் விதைப்பு. இப்ப ஏ9 ரோட்டோரம் கடை, சாப்பாட்டுக்கடை, விடுதி எண்டு கூடிக்கொண்டு போகுது. அதுகளின்ர மலசலகூடக் கழிவு எங்க போகுதெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. கூட்டத்தில சிலபேர், கங்கைக்கு இந்தியா செய்தமாதிரி சுத்திகரிப்பு நிலையம் கட்டித்தரச் சொல்லுவம் எண்டினம். அங்க அது சரிவந்ததோ? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஓய்வுபெற்ற ரீ.ஓ., வவுனியா:
தம்பி, ரீ.ஓ. எண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தரா இருந்து தண்ணி வேலையிலயே தலை நரைச்ச ஆள் நான். கட்டடத்தை மட்டும் கேக்காதேங்கோ. அதை ஆர் ஓட்டிறது, என்ன காசில ஓட்டிறது எண்டதை முதல் கேளுங்கோ.

1986இல ராஜீவ் காந்தி காலத்தில கங்கைச் செயல் திட்டம் தொடங்கிச்சுது. கரையோர நகரங்களில பம்ப் ஸ்ரேசன், சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் கட்டினவை. கட்டினது டில்லிக் காசு. ஓட்டிற பொறுப்போ மாநிலத்தின்ரயும் நகரசபையளின்ரயும் தலையில. அவையிட்டக் கரண்ட் பில் கட்டவே காசில்லை. கரண்ட் நிண்டா பம்ப் நிக்கும், பம்ப் நிண்டா கழிவு நேரா ஆத்துக்குள்ளதான். நகரங்களும் குழாய் தாழ்க்கிற வேகத்தை விட வேகமா வளந்திட்டுது.

2014இல நமாமி கங்கே எண்டு கங்கையைச் சுத்தமாக்கிற அடுத்த திட்டம் வந்தது. 20,000 கோடி இந்திய ரூபா. தொகையை விட எனக்குப் பிடிச்சது அவை பிறகு கொண்டுவந்த ஒப்பந்த முறைதான். கட்டேக்க கொம்பனிக்கு 40 வீதம். மிச்சம் 60 வீதம் 15 வருசத்தில, நிலையம் சரியா ஓடினாத்தான். கான்பூரில சீசாமாவ் எண்டொரு பெரிய கான், வெள்ளைக்காரன் காலத்தது, நாளுக்கு 14 கோடி லீற்றர் கழிவைக் கங்கைக்குள்ள விட்டது. 2018இல அதை மறிச்சு நிலையத்துக்குத் திருப்பினவை. உண்மையிலயே பெரிய வேலை அது. எண்டாலும் குளிக்கிற தண்ணியில மலக்கிருமி 100 மில்லிலீற்றருக்கு 2,500க்கு மேல போகக்கூடாது எண்டது அங்கத்தை அளவு. கங்கையில கன இடம் இன்னும் அதைத் தாண்டித்தான் நிக்குது.

எங்கட பக்கம் கழிவுக் குழாயே இல்லை, எல்லாம் குழிதான். குழி நிறைஞ்சா கழிவை உறிஞ்சி ஏத்திற பவுசர் லொறி வரும். அந்தப் பவுசர் எங்க கொண்டுபோய் ஊத்துது? உங்கட மகஜர் அதில தொடங்கோணும்.

மாங்குளம் ரீச்சர்:
ஐயா, எங்கட வளவுக்குப் பின்னால ஒரு மதகு இருக்கு. அதாலதான் மாரித்தண்ணி ஆத்துப்பக்கம் போறது. ராவில பவுசர் வந்து லைற்றை நூத்துப்போட்டு ஹோசை இறக்குவாங்கள். விடியப் பார்த்தா கறுத்த சேறும் ஷம்பூ பைக்கற்றுமாக் கிடக்கும். மழை பெஞ்ச பிறகு பாருங்கோ, அந்தச் சேறு முழுக்கத் தக்காளிக் கண்டு. ஆரும் நடேல்லை. அயல் சனம் பிள்ளையளை அந்தப் பக்கம் விடுறேல்லை.

ஓய்வுபெற்ற ரீ.ஓ., வவுனியா:
ரீச்சர், தக்காளி விதை வயித்துக்குள்ள போனாலும் சாகாது. அந்தக் கண்டு முளைச்சா அது மனிசக் கழிவா இருக்கலாம், எண்டாலும் அது மட்டும் சாட்சிக்குப் போதாது. கண்டு நிக்கேக்கயே படம் எடுங்கோ, பவுசர் நம்பரையும் நேரத்தையும் எழுதிவையுங்கோ. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐயிட்டயும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிட்டயும் எழுத்தில குடுங்கோ. காசியில வீரபத்ர மிஸ்ரா எண்டு ஒருத்தர் இருந்தவர். சங்கட் மோச்சன் கோயில் மகந்த், அதாவது தலைமைக் குரு, நீரியல் பேராசிரியரும்கூட. அவரின்ர அமைப்பு தாங்களே கங்கைத் தண்ணியைப் பரிசோதிச்சுக் கணக்கு வைச்சது. அரசாங்கம் தன்ர கணக்கைச் சொல்லேக்க மறுத்துக் கதைக்க அவையிட்ட எழுத்து இருந்தது.

தம்பி, மகஜரில மலக்கசடு காயவிடுற மணல் தொட்டி எண்டு கேளுங்கோ. ஆத்துக்கும் கிணறுகளுக்கும் தள்ளி மேட்டுக்காணி வேணும். பவுசர் அங்கதான் ஊத்தோணும், ஊத்தினதுக்கு ரசீதுத் துண்டு வாங்கோணும். தண்ணி மணலால வடியும், அதைக் கானில விடாமல் இன்னொரு தொட்டியில பிடிச்சுச் சுத்தமாக்கோணும். கசடு வெயிலில காயும். எங்கட வெயிலுக்கு நல்லாச் சரிவரும், மாரிக்கு மட்டும் மேல கூரை வேணும். ஊத்திற இடத்தை மேட்டில வைச்சா பம்ப் தேவையில்லை, கரண்ட் பில்லும் வராது. காஞ்சதை உடன வயலுக்குப் போடாதேங்கோ. குடற்புழு முட்டை கனகாலம் உயிரோட கிடக்கும்.

கனகராயன்குளம் கமக்காரன்:
நன்றி ஐயா. துண்டு விசயம் எங்கட ஆக்களுக்குத் தோணேல்லை, அதையும் சேர்க்கிறன். ரீச்சர், உங்கட படங்களையும் இணைக்கலாமோ?

மாங்குளம் ரீச்சர்:
ஓம், அனுப்பிறன். ஐயா, எங்கட கிணறு மதகுக்குக் கிட்டத்தான் இருக்கு. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற ரீ.ஓ., வவுனியா:
நல்லாக் கொதிக்க வைச்சே குடியுங்கோ. பி.எச்.ஐயிட்டச் சொல்லித் தண்ணி மாதிரி எடுப்பியுங்கோ. குளோரின் எவ்வளவு போடுறதெண்டு கிணத்துத் தண்ணியின்ர அளவைப் பார்த்து அவரே சொல்லுவார்.