மறு: ஹீட்சிங்க் – 'சூடாற்றி' என்று சொன்னால் என்ன?

வணக்கம் நண்பர்களே,

ஹீட்சிங்குக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். மேசையில் ஒரு ஹீட்சிங்க், அதாவது பெருக்கியின் (ஆம்ப்ளிஃபயரின்) சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் அலுமினியத் துண்டு, கிடக்கிறது. அதில் துளை போட்டு எம்3 மரை வெட்டுவதற்கு நடுநடுவேதான் உங்கள் மடல்களைப் படித்தேன். அதனால் என் தீர்ப்பில் அலுமினியத்தூள் கொஞ்சம் ஒட்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'வெப்ப உறிஞ்சி' எல்லோருக்கும் புரிகிறதே, புதிதாக எதற்கு?

புரிகிறது தம்பி, ஆனால் தப்பாகப் புரிகிறது. உறிஞ்சுவது என்றால் பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல உள்ளே வாங்கி வைத்துக்கொள்வது. பெருக்கியைப் போட்ட புதிதில் அலுமினியம் அதைத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது நிறைந்துவிடும். அதன்பிறகு உள்ளே வருகிற ஒவ்வொரு வாட்டும் காற்றுக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். ஜான் லின்ஸ்லி ஹூட் 1969-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதிய 10 வாட் ஏ-வகுப்புப் பெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர். பாட்டே ஓடாவிட்டாலும் ஒரு பக்கத்துக்கு 32 வாட், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 65 வாட் அளவுக்குச் சூடு ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். இதை எந்தப் பஞ்சு உறிஞ்சும்?

என் மேசையில் இருக்கும் பெருக்கி அவ்வளவு கொதிப்பானது அல்ல. எல்எம் 3886 என்ற பெருக்கி ஐசி, ±28 வோல்ட், 8 ஓம். பெரும்பாலும் பாட்டுக்கேற்ப மட்டும் மின்சாரம் இழுக்கும் ஏபி-வகுப்பு என்பதால் மோசமான நிலையில் சுமார் 20 வாட் சூடு. சும்மா இருக்கும்போதே குடிக்கும் 50 மில்லிஆம்பியரையும் சேர்த்தால் 23 வாட் என்று வைத்துக்கொள்வோம். சூடு போகும் வழியில் மூன்று தடைகள் இருக்கின்றன. ஐசியின் உள்ளிருந்து அதன் முதுகுத் தகட்டுக்கு வாட்டுக்கு 1 டிகிரி. தகட்டிலிருந்து, மின்சாரம் கடக்காமல் நடுவே வைக்கும் மைக்கா தகட்டைத் தாண்ட, சூடு கடத்தும் பேஸ்ட் ஒழுங்காகத் தடவியிருந்தால், அரை டிகிரி. இரண்டும் சேர்ந்து 35 டிகிரி தின்றுவிடும். மே மாதத்தில் அறை 40 டிகிரி, ஐசி தாங்குவது 150 என்றால் மீதி 75 டிகிரி இருக்கிறது. 75-ஐ 23-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 3.3 டிகிரி. இதுதான் ஹீட்சிங்கிலிருந்து காற்றுக்குப் போகும் கடைசித் தடைக்கு நாம் விடக்கூடிய உச்சம். அப்படி ஒன்றை மாட்டினால் ஹீட்சிங்க் 115 டிகிரியில் நிற்கும். ஐசி பிழைக்கும், விரல் பிழைக்காது. தொட்டால் பொறுக்கும்படி 65 டிகிரியில் நிறுத்த வேண்டுமென்றால் 1.1-க்குள் வர வேண்டும். அதாவது மூன்று மடங்கு பெரிய ஆள்.

கணக்கைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று தடைகளில் முதல் இரண்டும் நம் கையில் அவ்வளவாக இல்லை. இதழ் (ஃபின்) உயரம், இதழ்களுக்கு இடைவெளி, கறுப்பு அனோடைசிங் பூச்சு, நின்றவாக்கில் மாட்டுவதா படுத்தவாக்கிலா என்று நாம் மண்டையை உடைப்பதெல்லாம் அந்தக் கடைசித் தாண்டலுக்காகத்தான். பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும். உறிஞ்சி, இழையில் வந்த 'வெப்ப ஏற்பி' இரண்டுமே வாசலில் வரவேற்பதோடு நின்றுவிடுகின்றன.

> 'வெப்பமடு' என்பது ஆழமான சொல். நீர் சேரும் மடுபோல வெப்பம் சேருமிடம்.

ஐயா, சொல் அழகு. ஆனால் நம் வழக்கில் மடு என்பது ஆற்றில் நீர் தேங்கும் பள்ளம். சூடு தேங்கினால்தான் டிரான்சிஸ்டர் சாகிறது. சூடு உண்மையில் போய்ச் சேரும் மடு எதுவென்று கேட்டால், நாம் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் அறையின் காற்றுதான். ஆகவே மடுவையும் ஏற்பியையும் வெப்ப இயக்கவியலுக்குக் கொடுத்துவிடுவோம். அங்கே பாடத்தில் வரும் கார்னோ என்ற கற்பனை வெப்ப இயந்திரத்தின் குளிர்ந்த பக்கத்துக்கு அவை கச்சிதமாகப் பொருந்தும். ('வெப்பத் தொட்டி' என்று எழுதியவர் பாத்திரம் கழுவும் சிங்க்கை நினைத்துவிட்டார் என்று நம்புகிறேன்.)

> வெப்ப வடிகால்?

இதற்குத்தான் நான் இரண்டு நாள் கட்சி கட்டினேன். வடிந்து வெளியே போகிறது என்ற பொருள் சரியாக வருகிறது. பிறகு மின்வழங்கிப் பகுதிக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது இடித்தது. அங்கே 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளை 'வடிப்பான்' என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஒரே பெட்டியில் வடிகால் ஒன்று, வடிப்பான் ஒன்று, ஸ்பீக்கருக்குள் குறுக்கு வடிப்பான் (கிராஸ்ஓவர்) வேறு. புதிதாகக் கட்டுகிறவர் குழம்பிப்போவார்.

இப்போது என் முன்மொழிவு: ஆற்றி.

பாலை ஆற்றுகிறோம், டீயை ஆற்றுகிறோம். டீ மாஸ்டர் ஒரு முழ உயரத்துக்கு இழுத்து ஊற்றும்போது என்ன நடக்கிறது? அதே டீயைக் காற்றுக்கு அதிகப் பரப்பாகக் காட்டுகிறார். ஹீட்சிங்க் செய்வதும் அதே வேலை. கைப்பிடி அளவு தகட்டின் சூட்டை இதழ் இதழாகப் பிரித்துக் காற்றுக்குக் காட்டுகிறது. இன்னொரு நயமும் உண்டு. ஆறுவதும் குளிர்வதும் ஒன்றல்ல. ஆறிப்போன டீ அறையின் சூட்டுக்கு வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே போகாது. குளிர்ந்த மோர் அப்படியல்ல, பானையோ பெட்டியோ அதை அறைக்கும் கீழே இறக்கியிருக்கும். ஹீட்சிங்க் எத்தனை பெரிதானாலும் அறையின் சூட்டுக்குக் கீழே போகவே போகாது. அதனால் 'குளிர்விப்பான்' தப்பு, 'ஆற்றி' சரி. இந்த வேறுபாட்டைத் தமிழ் வினைச்சொல்லே தன்னுள் வைத்திருக்கும்போது நாம் ஏன் வெளியே தேட வேண்டும்?

சரி, எதை ஆற்றுவது? வெப்பத்தையா, சூட்டையா? 'வெப்பம்' என்றால்தான் கலைச்சொல்போல இருக்கும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். சேர்த்துப் பாருங்கள். வெப்பம் + ஆற்றி = வெப்பமாற்றி. படிக்கிறவர் அதை 'வெப்ப மாற்றி' என்றுதான் பிரிப்பார். அது வேறு கருவி (ஹீட் எக்ஸ்சேஞ்சர்). போதாததற்கு அதே கூட்டுக்குள் ஒரு மின்மாற்றி வேறு உட்கார்ந்திருக்கிறது. 'மின்மாற்றிக்கும் வெப்பமாற்றிக்கும் இடையே மூன்று விரற்கடை விடவும்' என்று எழுதினால் எழுதியவனுக்கே தலை சுற்றும். சூடு என்றால் இந்தத் தொல்லை இல்லை: சூடாற்றி. 'சூட்டாற்றி' என்று டகரம் இரட்டிக்க வேண்டாமா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத்தை நாம் நாட்டாளுமன்றம் என்று எழுதுவதில்லை. நாட்டை ஆளும், சூட்டை ஆற்றும்; இரண்டும் ஒரே அமைப்பு.

எதிர்வாதத்தையும் வைக்கிறேன். காரின் ரேடியேட்டரும் சூட்டை ஆற்றுகிறதே என்பீர்கள். ஆற்றட்டும், அதற்குத் தண்ணீரைச் சேர்த்து 'நீர்ச்சூடாற்றி' என்று பெயர் வைக்கலாம், சண்டை இல்லை. இதைவிட வலுவான எதிர்ப்பு சனிக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் வந்தது. ஒரு கடையில் வேண்டுமென்றே 'சூடாற்றி இருக்கா?' என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் எதிரில் இருந்த டீக்கடையைக் கை காட்டினார். பொருள் புரிந்துவிட்டது, பொருள்தான் கிடைக்கவில்லை. பிறகு 'ஹீட்சிங்க்' என்று கேட்டு வாங்கி வந்தேன்.

இதழ் பற்றி ஒரு வரி. 'செதில்' உடம்போடு படிந்து கிடப்பது. இது விலகி நிற்பது. 'துடுப்பு' நீளம். இதழ் போதும்.

பேஸ்டைப் 'பசை' என்று எழுதாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பசை என்றதும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி, திருகாணியை முடுக்காமல் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அதோடு பசை என்றால் தாராளமாகத் தடவத் தோன்றும். இதுவோ இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குழிகளை அடைப்பதற்கு மட்டும்தான். தடித்தால் அதுவே தடை. 'சூட்டுக்களிம்பு' என்று வைத்தால், புண்ணுக்குத் தடவுவதுபோல் மெல்லத் தடவுவார்கள்.

> சேசிஸ் = அடிச்சட்டகம்.

பாகங்களையெல்லாம் தாங்கும் உலோகக் கூடான சேசிஸ், இதில்தான் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. வால்வு காலத்தில் மடித்த தகரத்தட்டு ஒன்று இருக்கும். மேலே வால்வும் மின்மாற்றியும், அடியில் வயரிங். அதற்கு அடிச்சட்டகம் சரி. இன்றைய பெருக்கியில் இரண்டு பக்கச் சுவருமே சூடாற்றிதான். அடி எது, சட்டகம் எது? 'பெட்டி'யை ஸ்பீக்கர் எடுத்துக்கொண்டுவிட்டது. மேலே நானே 'கூடு' என்று எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். ஆனால் சேசிஸ் எர்த்தை 'கூட்டு எர்த்து' என்று எழுதினால், எல்லாத் தரைக்கம்பியும் ஒரு புள்ளியில் கூடுகிற பொது எர்த்து என்று படிப்பார்கள். இரண்டும் வேறு, மாற்றிப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த இடத்தில் நான் கவனமாக இருப்பதற்குக் காரணம் அனுபவம். எல்எம் 3886-இன் உலோக முதுகு உள்ளே எதிர்மின் வழங்கலோடு (-28 வோல்ட்) இணைந்தது. இடது பக்கத்துக்கு மைக்கா வைத்தேன், வலது பக்கத்துக்கு மறந்துவிட்டேன். சூடாற்றி சேசிஸில், சேசிஸ் எர்த்தில். சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போனது. அது போனதால்தான் மற்றது பிழைத்தது. இப்போதெல்லாம் மல்டிமீட்டரால் முதுகுக்கும் சேசிஸுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் மின்சாரம்.

எலக்ட்ரீசியன்கள் 'பாடி எர்த்து' என்கிறார்கள். அதைத் தொட்டு 'மேனி எர்த்து' என்று போகலாமா, அல்லது 'பேழை' என்று பழைய சொல்லை எழுப்பலாமா? இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. 'வெப்பமடு' சொன்ன ஐயா அவர்களும் இழையில் இருக்கும் திருச்சி அம்மாவும் சொன்னால் நன்றாக இருக்கும். கட்டுமானக் குறிப்பைத் திங்கட்கிழமை பதிவேற்ற வேண்டும். அதில் சேசிஸ் 14 இடத்தில் வருகிறது. அதுவரை ஒன்றும் அமையாவிட்டால் சேசிஸ் என்றே விட்டுவிடுகிறேன். சூடாற்றியை மட்டும் மாற்றுவதாக இல்லை.