3,499 டாலரை முகத்தில் மாட்டலாமா?

தாழ்வாரம்

வணக்கம். ஆப்பிள் விஷன் ப்ரோ ஹெட்செட்டை (கண்ணை மூடி முகத்தில் மாட்டும் கணினி) வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக மண்டையைக் குடைகிறது. காசு சேர்த்து வைத்திருக்கிறேன், கடன் வாங்கப் போவதில்லை. ஆனாலும் 3,499 டாலர் என்று திரையில் பார்க்கும்போதெல்லாம் விரல் தானாகப் பின்வாங்கிவிடுகிறது.

போன வாரம் டெமோவில் அரைமணி நேரம் மாட்டிப் பார்த்தேன். ஒரு பட்டாம்பூச்சி பறந்து வந்து நான் நீட்டிய விரலில் உட்கார்ந்தது. அங்கே ஒன்றுமே இல்லை என்று நன்றாகத் தெரியும். இருந்தும் விரல் நுனி குறுகுறுத்தது. அன்றிலிருந்து ஒழுங்கான தூக்கம் இல்லை.

எனக்குத் தேவை மூன்று. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு பெரிய திரையில் படம் பார்க்க வேண்டும். மேசையை அடைத்துக்கொண்டிருக்கும் இரண்டு மானிட்டரையும் தூக்கிவிட்டு இதிலேயே வேலை பார்க்க வேண்டும் (நாள் முழுக்க நிரல் எழுதுபவன் நான்). மகளை முப்பரிமாண வீடியோவாக எடுத்துப் பார்க்க வேண்டும். அவளுக்கு இப்போது நாலு வயது. வைத்திருப்பவர்கள், வேண்டாம் என்பவர்கள் இரு தரப்பும் மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.

சில்லறைக்கணக்கு

வேண்டாம். காரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முகத்தில் மாட்டும் கணினி இந்த விலைக்கு வருவது இது முதல் தடவை இல்லை. மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் 2016-ல் 3,000 டாலர். இரண்டாவது பதிப்பு 2019-ல் 3,500. 2024-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். மேஜிக் லீப் 2018-ல் 2,295 டாலருக்கு வந்தது. 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்த முதல் மாடலுக்கு நிறுவனமே மூடுவிழா நடத்தியது. மெட்டாவின் குவெஸ்ட் ப்ரோ 2022 அக்டோபரில் 1,499 டாலர், அடுத்த மார்ச்சில் 999. ஐந்தே மாதம். முந்திக்கொண்டு வாங்கியவன் 500 டாலரைக் காற்றில் விட்டான்.

என் கதையும் ஒன்று உண்டு, நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆசை ஆசையாக ஒரு ஹெட்செட் வாங்கினேன். மூன்றாவது வருடம் "இதற்கான ஆதரவை நிறுத்துகிறோம்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹெட்செட்டில் ஒரு கீறல் கிடையாது. மாட்டினால் வரவேற்புத் திரை வரும், அதோடு நின்றுவிடும். இப்போது அலமாரியின் மேல்தட்டில் பெட்டியோடு இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, யாருக்காவது கொடுக்கவும் வழியில்லை.

வெட்டிப்பேச்சு

கையில் காசு இருக்கும்போது டெமோவுக்குப் போனதுதான் முதல் தப்பு.

ஆறாம்விரல்

சில்லறைக்கணக்கு அண்ணே, ஹோலோலென்ஸையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீங்க. அது தொழிற்சாலைக்காரர்களுக்கும் மென்பொருள் எழுதுபவர்களுக்கும் விற்ற சாமான். அதில் நம் கண் நேராகக் கண்ணாடி வழியே அறையைப் பார்க்கும். உருவங்கள் அதன்மேல் ஆவி மாதிரி வெளிறித் தெரியும். விஷன் ப்ரோவில் அறையைக் காட்டுவதே கேமராதான். கேமரா கண்டதை 12 மில்லிவினாடிக்குள் திரைக்குக் கொண்டுவர ஆர்1 என்று தனியாக ஒரு சில்லு. அதனால்தான் தாழ்வாரம் பார்த்த பட்டாம்பூச்சி அவ்வளவு கெட்டியாக இருந்தது. தலையைத் திருப்பினால் அது விரலை விட்டு வழுக்கி ஓடாது.

2024-லிருந்து வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாலு ராத்திரி படம். ஒவ்வொரு புள்ளியும் தனியாக அணையும் ஓலெட் திரை என்பதால் கறுப்பு நிஜமாகவே கறுப்பு. விண்வெளிக் காட்சி வந்தால் திரை எங்கே முடிகிறது, என் அறை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முப்பரிமாணப் படம் பிடிக்கும் என்றால் வேறு போக்கிடமும் குறைவு. எல்ஜியும் சோனியும் 3டி டிவி தயாரிப்பதை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். தியேட்டரில் பார்ப்பது மங்கலாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கண்ணாடியே பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். இங்கே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு தனித்திரை, எதையும் வடிகட்ட வேண்டியதில்லை.

பேட்டரி இரண்டு மணி நேரம்தானே என்பார்கள். உண்மை. நான் சார்ஜரில் செருகியபடியே பார்க்கிறேன், நாற்காலியை விட்டு எழுந்து எங்கே ஓடப் போகிறேன்?

நிலைக்கண்ணாடி

படம் பார்ப்பதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆறாம்விரல் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தாழ்வாரம் மானிட்டர்களைத் தூக்கப் போகிறேன் என்கிறாரே, அங்கேதான் உதைக்கிறது. திரைகளோடு புழங்குவதே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு டிகிரிக்குள் சுமார் 60 பிக்சல் வரை பிரித்தறியும் என்பது தோராயக் கணக்கு. 27 அங்குல 4கே மானிட்டரை 60 செ.மீ. தள்ளி வைத்தால் அது கண்ணெதிரே ஏறக்குறைய 53 டிகிரி அகலத்தை அடைக்கும். அதன் அகலத்தில் உள்ள 3,840 பிக்சலை 53-ஆல் வகுத்தால் டிகிரிக்கு 72. கண் கேட்பதைவிடவே அதிகம். விஷன் ப்ரோவைப் பிரித்துப் பார்த்தவர்கள் போட்ட கணக்கு டிகிரிக்குச் சுமார் 34. மெட்டாவின் குவெஸ்ட் 3-ல் 25. இரண்டு திரையும் சேர்ந்து 2.3 கோடி பிக்சல் என்று விளம்பரம் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பிக்சல்கள் கண்முன் உள்ள உலகம் மொத்தத்தையும் மூட வேண்டும். போர்வை ஒன்றுதான், படுத்திருப்பது பத்துப் பேர். உங்கள் மானிட்டருக்குக் கிடைப்பது ஒரு மூலை.

காற்புள்ளியா அரைப்புள்ளியா என்று தேடி யாரும் படம் பார்ப்பதில்லை. நிரல் எழுதுபவர் நாள் முழுக்கத் தேடுவது அதைத்தான்.

இன்னொன்று. பக்கத்தில் உள்ள பொருளைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பும். கூடவே கண்ணின் லென்ஸும் அந்தத் தூரத்துக்குக் குவியும். இரண்டும் ஜோடியாகவே வேலை செய்து பழகியவை. இன்றைய ஹெட்செட்டுகளில் குவியத் தூரம் மாறாது, வழக்கமாக ஒன்றிரண்டு மீட்டரில் நிற்கும். பட்டாம்பூச்சி விரலில் இருக்கிறது என்று கண்கள் உள்ளே திரும்புகின்றன, லென்ஸ் தூரத்திலேயே நிற்கிறது. அரைமணி நேர டெமோவில் இது உறைக்காது. எட்டு மணி நேர வேலையில் சிலருக்குப் புருவத்துக்கு மேலே பிடித்துக்கொள்ளும். எல்லாருக்கும் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூக்குக்கண்ணாடி போடுபவரா நீங்கள்? அதோடு இதை மாட்ட முடியாது. தனி லென்ஸ் செருக வேண்டும், 99 அல்லது 149 டாலர் கூடுதல்.

ஆறாம்விரல்

கணக்கு சரிதான் மேடம், ஆனால் மானிட்டருக்கு விளிம்பு உண்டு, இதற்கு இல்லை. 2024 டிசம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு ஆப்பிளின் மேக் கணினித் திரையை நம்மைச் சுற்றி வளைந்த மாதிரி அகலமாக்கலாம். எழுத்தைப் பெரிசாக்கிக்கொண்டால் போச்சு.

நிலைக்கண்ணாடி

பெரிசாக்கினால் தலையைத் திருப்பிப் படிக்க வேண்டும். முதல் மாடல் 600 முதல் 650 கிராம், அதுவும் பேட்டரியைச் சேர்க்காமல். இத்தனை எடையோடு ஒரு நாளைக்கு எத்தனை தடவை திருப்புவீர்கள்?

ஆறாம்விரல்

2025 அக்டோபரில் வந்த எம்5 சில்லு மாடல் 750 கிராமுக்கு மேல், அதையும் சொல்லுங்கள்! ஆனால் அந்தக் கூடுதல் எடையில் ஒரு பங்கு பின்பட்டையில் இருக்கிறது. டங்ஸ்டன் வைத்துத் தைத்து, முன்பாரத்துக்கு எதிர்பாரம் கொடுத்திருக்கிறார்கள். தராசில் நிறுப்பது வேறு, தலையில் சுமப்பது வேறு. முன்பக்கம் இழுத்தால் 500 கிராமும் கனம்தான்.

மூன்றாம்சாமம்

நான் எந்தப் பக்கமும் வாதாட வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

போன வருடம் என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. ஏழு வாரம் மல்லாக்கப் படுத்தே இருக்க வேண்டும், தலையைத் தூக்கக் கூடாது. புத்தகத்தை உயர்த்திப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் கை கடுக்கும். டிவி இருப்பது கால்மாட்டில், தலையைத் தூக்காமல் தெரியாது. பத்து நாள் கூரையைப் பார்த்தே படுத்திருந்தாள். கூரையில் ஒரு விரிசல் உண்டு. அது நேற்றைவிட நீண்டிருக்கிறதா என்று என்னைக் கேட்பாள்.

தம்பியிடம் இதுபோல் ஒரு ஹெட்செட் இருந்தது, இரவல் வாங்கி வந்தேன். திரையை அப்படியே கூரைக்கு இழுத்து வைத்தோம். எதைப் பார்க்கிறாளோ அதுதான் தேர்வு, இரண்டு விரலைத் தொட்டுக்கொண்டால் திறந்துவிடும். கையைப் போர்வைக்கு வெளியே வைத்தால் போதும், தூக்க வேண்டியதில்லை. படுத்திருப்பவருக்குக் கனம் கழுத்தில் இறங்காது, கன்னத்தில்தான் இறங்கும். அரைமணிக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிவிடுவேன். விரிசலைப் பற்றி அப்புறம் அவள் கேட்கவில்லை.

சில்லறைக்கணக்கு

சார், உங்கள் வீட்டில் நடந்ததற்கு மறுபேச்சே இல்லை. அந்த நிலைமையில் நானும் வாங்கியிருப்பேன். ஒன்று மட்டும் கேட்கலாமா? ஏழு வாரம் முடிந்த பிறகு அதை வைத்துக்கொண்டீர்களா?

மூன்றாம்சாமம்

திருப்பிக் கொடுத்துவிட்டேன். நடக்க ஆரம்பித்த அன்றே "எடுத்துக்கிட்டுப் போங்க" என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஆறாம்விரல்

அண்ணே, அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீங்க. குணமானதும் எல்லாரும் ஊன்றுகோலைத் திருப்பிக் கொடுக்கத்தான் செய்வாங்க, ஊன்றுகோல் வீண் என்று ஆகிடுமா?

தாழ்வாரம் கேட்ட மூன்றாவது விஷயத்தை யாரும் தொடவே இல்லை. என்னிடம் அப்பாவின் முப்பரிமாண வீடியோ ஒன்று இருக்கிறது. 22 வினாடி. கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்திச் சிரிப்பார், சட்டைப் பையில் பேனா சாய்ந்திருக்கும். அவ்வளவுதான் வீடியோ. சாதாரணத் திரையில் பார்த்தால் அது படம். இதில் பார்த்தால் அவர் கதவருகே நிற்கிறார், பேனாவை நிமிர்த்தி வைக்கக் கை நீளுகிறது. அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு எத்தனை டாலர் என்று நீங்களே சொல்லுங்க.

சில்லறைக்கணக்கு

சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. ஆனால் அந்த 22 வினாடியை எதில் எடுத்தீர்கள்?

ஆறாம்விரல்

ஐபோன் 15 ப்ரோவில்.

சில்லறைக்கணக்கு

அதைத்தான் தாழ்வாரத்துக்குச் சொல்ல வந்தேன். எடுப்பதற்கு ஹெட்செட் வேண்டாம், போன் போதும். 2023 முடிவிலிருந்தே அந்த போனில் முப்பரிமாணமாக எடுக்கலாம். போனைப் படுக்கை வாட்டில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பார்ப்பதற்கும் இது ஒன்றே கதி இல்லை. 2024-லிருந்து குவெஸ்ட்டிலும் அந்த வீடியோக்கள் ஓடும். குவெஸ்ட் 3எஸ் 299 டாலருக்கு வந்த சாமான். சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் 2025-ல் 1,799-க்கு வந்தது, விஷன் ப்ரோவின் விலையில் ஏறக்குறையப் பாதி. குழந்தையின் நாலு வயது இந்த வருடத்தோடு போய்விடும், அதை இன்றைக்கே எடுங்கள். பார்க்கிற கருவியை அப்புறமும் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது இல்லை என்று ஆப்பிளே சொல்கிறது. மகளுடைய வீடியோவை மகள் பார்க்க ஒன்பது வருடம் ஆகும்!

வெட்டிப்பேச்சு

அதற்குள் அண்ணன் அலமாரியில் இன்னும் இரண்டு பெட்டி சேர்ந்திருக்கும்.

நிலைக்கண்ணாடி

தாழ்வாரம், காசு செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். தலையில் இறுக்கமாக உட்காரும் ஏதாவது ஒன்றின் முன்பக்கம் 600 கிராம் கட்டிக்கொண்டு, வழக்கமாகச் செய்யும் வேலையை இரண்டு மணி நேரம் செய்யுங்கள். கண்ணுக்கு என்ன ஆகும் என்று இதில் தெரியாது, கழுத்து மட்டும் பதில் சொல்லும்.

தாழ்வாரம்

செய்துவிட்டேன்!

சைக்கிள் ஹெல்மெட்டின் நெற்றியில் பழைய போன் இரண்டு, ஒரு பவர் பேங்க் வைத்து டேப் சுற்றினேன். சமையலறைத் தராசில் நிறுத்துச் சேர்த்தது 610 கிராம். அதை மாட்டிக்கொண்டு நேற்று மாலை வேலைக்கு உட்கார்ந்தேன். முதல் இருபது நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை, வீரமாகத்தான் இருந்தேன். நாற்பதாவது நிமிஷத்தில் என்னை அறியாமலே இடது கையை முட்டுக்கொடுத்து மோவாயைத் தாங்கிக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு மணி பத்து நிமிஷத்தில் கழற்றிவிட்டேன்.

ஆறாம்விரல்

ஹெல்மெட்டில் டேப் ஒட்டிய பரிசோதனையை வைத்து ஒரு பொருளுக்குத் தீர்ப்பா? பின்பட்டை எங்கே, எதிர்பாரம் எங்கே? ஹெல்மெட்டின் சொந்த எடையையும் நீங்கள் கழிக்கவில்லை. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தாழ்வாரம்

நீங்கள் சொல்வதும் நியாயம். அதனால் இன்னொரு டெமோவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை பட்டாம்பூச்சி வேண்டாம், என் லேப்டாப்பைக் கொண்டு போகிறேன், எழுத்தை மட்டும் காட்டுங்கள் என்று கேட்கப் போகிறேன். படத்துக்காக மட்டும் என்றால் 3,499 கொடுக்க எனக்கு மனசில்லை, அது இப்போது தெளிவாகத் தெரிகிறது. மானிட்டர்கள் மேசையிலேயே இருக்கின்றன. மகளை இன்று காலையிலேயே போனைப் படுக்க வைத்துப் பிடித்து எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன். நேற்று ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தபோது அவள் வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் போய்த் தன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "நானும் வரேன்ப்பா" என்றாள்.