கொடைக்கானல் ஏரிக்கரை: மே மாதமா, தை மாசியா?

மதுரைவாசி: எழுபது வயது தாண்டிய பெற்றோர், ஆறு வயதுப் பையன். பையனுக்கு வாடகை சைக்கிள் ஓட்ட ஆசை. இரண்டு நாள் ஏரிக்கரையை விட்டு நகராமல் ஓய்வெடுக்க வேண்டும். எந்த மாதம் சரி?

பெருமாள்மலை: மே வேண்டவே வேண்டாம். மதுரை கலெக்டர் லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய ஏரி அது. சுற்றி ஒரே சாலைதான், 5 கிலோமீட்டர். நடப்பவர், சைக்கிள், குதிரை, கார், வேன் எல்லாம் அதில்தான் போகவேண்டும். மேயில் படகு டிக்கெட் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். பெரியவர்கள் உட்கார ஒரு பெஞ்ச் கிடைக்காது. தை பிற்பாதி முதல் மாசி முடிய, செவ்வாய் முதல் வியாழனுக்குள் போங்கள்.

குறிஞ்சி2030: பெரியவர்களைத் தையில் அனுப்பச் சொல்வது சரியில்லை சார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிந்துவிடும். மேகமில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அந்தப் பள்ளம்தான் ஏரி. ஏரியருகே உள்ள ஜிம்கானா மைதானப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிவது இதனால்தான். மூட்டுவலி, வீசிங் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? மேயில் இரவுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சியும் மேயில்தான், ஏரியிலிருந்து நடை தூரம். கூட்டத்தைக் குறைக்க, வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்கவேண்டிய இ-பாஸ் இருக்கிறதே.

பெருமாள்மலை: இ-பாஸை நம்பாதீர்கள். 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் வைத்த வரம்பே வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. அதில் கால்வாசி ஏரிச்சாலைக்கு வந்தாலே நடக்க இடமிருக்காது. உறைபனி பற்றிச் சொன்னது உண்மை, ஆனால் வெயில் ஏறினால் கரைந்துவிடும். அறையை ஏரி மட்டத்தில் எடுக்காமல் மேட்டில், கிழக்கு பார்த்த ஜன்னலோடு எடுங்கள். ஒன்பதரைக்குக் கரைக்கு இறங்கி, நாலு மணிக்குத் திரும்பிவிடுங்கள். ஏழாயிரம் அடி உயரம். காற்று சில்லென்று இருப்பதால் வெயில் தெரியாது, தோல் கறுத்துவிடும். தொப்பி கட்டாயம்.

படகுத்துறை: இருவரும் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூட்டம் குறைவு, உறைபனியும் இல்லை. ஆனால் காற்று பலம். பெடல் போட் எடை குறைந்தது, காற்று தள்ளினால் பக்கவாட்டில் நகரும். ஏரி நட்சத்திரம்போல் கிளை பிரிந்து கிடப்பதால் ஏதாவதொரு முனையில் போய்ச் செருகிக்கொள்ளும். புறப்படும்போதே எதிர்க்காற்றில் மிதியுங்கள், கால் ஓய்ந்தபின் காற்றே திருப்பிக் கொண்டுவரும். கனமானவர்கள் இருவர் ஒரே பக்கம் உட்காரக் கூடாது. பாசியில் சக்கரம் சிக்கினால் முன்னுக்கு அழுத்தாமல் நாலைந்து சுற்று பின்னுக்கு மிதித்தால் விடுபடும். பெரியவர்களுக்கு ஆள் துடுப்புப் போடும் படகுதான் நல்லது.

குறிஞ்சி2030: படகை விடுங்கள், குதிரையும் காரும் போகும் சாலையில் ஆறு வயதுப் பையனுக்கு வாடகை சைக்கிளா? அதை எந்த மாதத்திலும் ஏற்கமாட்டேன்.

பெருமாள்மலை: திசை சரியாக இருந்தால் பயமில்லை. ஏரி இடக்கைப் பக்கம் வரும்படி சுற்றுங்கள். இடதோரம் போகும்போது தண்ணீர்ப் பக்கமே இருப்பீர்கள். கிளைச்சாலைகள் எல்லாம் மறுபக்கத்தில்தான் வந்து சேரும். வண்டி எடுக்கும்போதே இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருண்டால் வேறு வண்டி கேளுங்கள். சீட்டில் உட்கார்ந்தால் பையனின் இரண்டு பாதமும் தரையில் படவேண்டும்.

படகுத்துறை: குதிரையை முந்தும்போது பின்னாலிருந்து பெல் அடிக்கக் கூடாது, மிரளும். வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, தள்ளி முந்துங்கள். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வேண்டாம்: மழையில் வத்தலக்குண்டுச் சாலையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ மணிக்கணக்கில் நிற்கவேண்டியிருக்கும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு, ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள்.