கலைச்சொல்: ‘கழிவு ஆயில்’ – மாற்றுச் சொல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

கட்டுமான சைட்டுகளுக்கான அறிவிப்புப் பலகையின் வரைவைப் பார்த்தேன். ‘கட்டுமான இயந்திரங்களிலிருந்து வெளியேற்றப்படும் பயன்படுத்தப்பட்ட எண்ணெயின் பொறுப்பான அகற்றல்’ என்று தலைப்பு. இலக்கணத்தில் குறை இல்லை. ஆனால் பொக்லைன் ஓட்டுபவர் இதை நின்று படிக்க மாட்டார். படித்தாலும், தன் வண்டிக்கு அடியில் சட்டியில் வடிந்து நிற்கும் கருப்பு ஆயிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றாது.

சைட்டில் அதற்குக் கழிவு ஆயில், வேஸ்ட் ஆயில் என்றுதான் பெயர். எனக்கு உறுத்துவது அந்தக் ‘கழிவு’. கழிவு என்று சொல்லிவிட்டால் அதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. சென்ட்ரிங் ஆட்கள் ஷீட்டில் தடவ ஒரு வாளி கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். கான்கிரீட் ஒட்டாமல் பிரியும், அதுவரை சரி. அப்புறம் சீலிங்கில் கறை ஏறி, பூச்சு பிடிக்காமல் உதிரும்போது கொத்தனாரைத்தான் திட்டுவார்கள். இன்னொருவர் வேலிக்கம்பில் கரையான் ஏறாமல் இருக்கக் கொண்டுபோவார். சொறி பிடித்த நாய்க்கு இதைத் தடவினால் குணமாகும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். நாய் அதை நக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. மிச்சம் இருப்பது மண்ணுக்கு.

அளவு கொஞ்சநஞ்சம் இல்லை. கொமட்சு பிசி200 போன்ற 20 டன் பொக்லைன் வண்டியில் எஞ்சினுக்கு மட்டும் 23 லிட்டர் வாக்கில் பிடிக்கும். 500 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது கையேடு. ஹைட்ராலிக் டேங்கில் 130 லிட்டருக்கு மேல். அதை 5000 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும், ஆனால் மாற்றுகிற அன்று ஒரே நாளில் பாதிப் பேரலுக்கு மேல் நிறைந்துவிடும்.

இந்த ஆயில் கெட்டுப்போன பொருளும் இல்லை. அடிப்படை எண்ணெய் தேய்வதில்லை. அதில் கலந்திருக்கும் சேர்மானங்கள் தீர்ந்துபோகின்றன. கரி, இரும்புத்தூள், தண்ணீர் சேர்கின்றன. அவ்வளவுதான். தண்ணீரை ஓட்டி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, ஹைட்ரஜன் கொண்டோ களிமண் கொண்டோ நிறத்தையும் நாற்றத்தையும் நீக்கினால் திரும்ப எஞ்சினுக்கே போகலாம். ஒரு பீப்பாய், அதாவது 159 லிட்டர், கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் எஞ்சின் ஆயில் சுமார் 2.4 லிட்டர், அதே 2.4 லிட்டரை 3.8 லிட்டர் பழைய ஆயிலிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு.

நம் நாட்டுச் சட்டமும் மறுபடி சுத்திகரிக்கக்கூடிய எண்ணெயையும் எரிக்க மட்டும் ஆகும் எண்ணெயையும் பிரித்தே வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் இரண்டு தனித்தனி வரையறைகள். எஞ்சின், கியர், ஹைட்ராலிக், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்கள் உழைத்து முடித்து, மறுசுத்திகரிப்புக்குத் தகுதியாக இருந்தால் ஒரு பெயர் (யூஸ்டு ஆயில்). சுத்திகரிப்பு ஆலை, கப்பல் முதலியவற்றில் சிந்தியது, தண்ணீரோடு கலந்து குழம்பியது, தொட்டி அடி வண்டல் ஆகியவற்றுக்கு வேறு பெயர் (வேஸ்ட் ஆயில்). அது உலையில் எரிக்கத்தான் ஆகும். நாம் இரண்டுக்கும் ‘கழிவு எண்ணெய்’ என்று ஒரே போர்வையைப் போர்த்திவிட்டோம்.

எனவே இரண்டாவது வகைக்கு ‘எண்ணெய்க் கழிவு’ என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வகைக்குத்தான் சொல் தேட வேண்டியிருக்கிறது. இதுவரை குழுவில் வந்தவற்றைப் பார்ப்போம்.

‘பயன்படுத்திய எண்ணெய்’ – வடை, பஜ்ஜி போட்ட எண்ணெயை பயோடீசலுக்குச் சேகரிப்பவர்கள் இதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பேரலில் இதை எழுதி வைத்தால் கேன்டீன்காரர் பழைய கடலை எண்ணெயைக் கொண்டுவந்து கொட்டினாலும் குற்றம் சொல்ல முடியாது.

‘எரிந்த எண்ணெய்’ – எரியவில்லை. எரிந்திருந்தால் புகையாய்ப் போயிருக்கும்.

‘பயன்தீர்ந்த எண்ணெய்’ – பயன் தீரவில்லை என்பதுதான் நம் கட்சியே.

‘வடித்த எண்ணெய்’ – எனக்குப் பிடித்திருந்தது, மெக்கானிக் செய்வதும் அதுதான். ஆனால் மறுசுத்திகரிப்பில் காய்ச்சி வடிப்பது வருகிறது. அழுக்கோடு வந்ததும் வடித்தது, சுத்தமாகி வந்ததும் வடித்தது என்றால் லாரி டிரைவர் எதை ஏற்றுவார்?

என் பரிந்துரை: ஓடிய ஆயில். வண்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்துத்தான் ஆயில் மாற்றுகிறோம். ‘இந்த ஆயில் எவ்வளவு ஓடியிருக்கு?’ என்பது மெக்கானிக்குகள் வாயில் தினமும் வரும் கேள்வி. கட்டுரைகளுக்கும் பாடநூலுக்கும் ‘ஓடிய உயவெண்ணெய்’ என்று வைக்கலாம் (உயவெண்ணெய் என்றால் லூப்ரிகன்ட்). பேரலில் ஆயில் ஆயிலாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, ‘அகற்றல்’. இது எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. பேரலைக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் உருட்டிவிட்டாலும் அகற்றியதுதானே? விதிப்படி சைட்காரர் இதைத் தானாக எதுவும் செய்ய முடியாது. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு, படிவம் 10-ஐ நிரப்பி அனுப்ப வேண்டும். கொடுத்தவர், ஏற்றியவர், வாங்கியவர் மூவரும் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். இதற்குத் தமிழில் ‘ஒப்படைத்தல்’ என்று நல்ல சொல் இருக்கும்போது அகற்றுவானேன்?

அன்புடன்,
கோவையிலிருந்து

*

அன்புள்ள கோவை நண்பருக்கு,

‘ஒப்படைப்பு’ எனக்கும் உடன்பாடே. மற்றதில் இரண்டு மறுப்பு.

முதலாவது, ‘எண்ணெய் ஓடியது’ என்றால் எங்கட பக்கத்தில் அது சிந்தி ஓடினது. பெக்கோவின்ர (உங்களுக்கு பொக்லைன்) குழாய் வெடித்து ஒயில் ஓடினாலும் ‘ஓடிய ஒயில்’தான். அதை அள்ளி இதே பரலுக்குள் ஊற்றினால் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது, யாழ்ப்பாணத்தில் ‘கழிவு ஒயில்’ என்பது வெறும் கராஜ் சொல் அல்ல. சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் ஒயில் மிதந்தபோது பத்திரிகையிலும் ஊர்வலத்திலும் இருந்த சொல் அது. சுண்ணாம்புப் பாறையில் ஒருக்கா இறங்கினால் அது எந்தக் கிணற்றில் எழும்பும் என்று யாரும் சொல்லேலாது. 2019-இல் உயர் நீதிமன்றம் (உங்களுக்கு உச்ச நீதிமன்றம்) 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. அந்தச் சொல்லில் ஒரு பயம் இருக்கிறது. நீங்கள் அதை எடுத்துவிட்டு நல்ல பிள்ளைப் பெயர் வைத்தால் பயமும் போய்விடாதா?

அதோடு, குழுவில் யாரோ ‘மசகு எண்ணெய்’ என்று எழுதியிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்கள் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் நீங்கள் கச்சா எண்ணெய் என்கிறீர்களே, அது. ‘உயவு’ குழப்பமில்லை.

நன்றி,
யாழ்ப்பாணத்திலிருந்து

*

வணக்கம்.

மசகு இரு கரைக்கும் இரண்டு பொருள் தருகிறது, அதனால் உயவு என்றே முடித்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மசகெண்ணெய் என்று படித்தவர்கள் கொஞ்சம் முனகுவார்கள், பரவாயில்லை.

பயம் வேண்டும் என்று நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பயத்தைச் சொல்ல வேறொரு இடம் இருக்கிறது. விதிகளில் படிவம் 8 என்று ஒரு சீட்டு வருகிறது, பேரலில் ஒட்டுவதற்கு. பளிச்சென்ற மஞ்சள் தாள். ‘அபாயகரக் கழிவு’, ‘கவனமாகக் கையாளவும்’ என்ற இரண்டும் சிவப்பில், இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. அந்த வரிசையில் தமிழும் சட்டப்படியே வந்துவிடுகிறது. ஆக ‘கழிவு’ என்ற எச்சரிக்கை சீட்டின் தலையில் இருக்கும். கீழே பொருளின் பெயர் எழுதும் கட்டத்துக்குத்தான் நான் சொல் கேட்கிறேன். அங்கேயும் கழிவு என்று எழுதினால் உள்ளே இருப்பது ஆயிலா, கூலன்ட்டா, பிரேக் ஆயிலா, அள்ளிய மண்ணா என்று தெரியாது. கூலன்ட் ஒரு வாளி கலந்தாலே அந்தப் பேரலை மறுசுத்திகரிப்பாளர் வாங்க யோசிப்பார். பெட்ரோலோ தின்னரோ கலந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

‘ஓடியது’ சிந்தியதையும் குறிக்கும் என்பது வலுவான மறுப்பு. கோவையிலும் ‘ஆயில் ஓடுது’ என்றால் ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பேரலில் எழுதும்போது எது ஓடியது என்று சேர்த்துவிட்டால் தீரும்: ‘எஞ்சினில் ஓடிய ஆயில்’, ‘ஹைட்ராலிக்கில் ஓடிய ஆயில்’. ஒரு சொல் நீளுகிறது, ஆனால் எந்தப் பேரல் எதற்கு என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. உங்கள் பக்கத்துப் பலகையில் ‘ஒயில்’ என்றே இருக்கட்டும். சிந்தி ஓடியதை மரத்தூளோ மணலோ போட்டு அள்ளினால், அந்த மணலும் ஆயில் துடைத்த பனியன் வேஸ்ட்டும் மூடியுள்ள வேறு டப்பாவுக்குப் போகும். அந்த டப்பாவுக்குப் பெயர் ‘எண்ணெய்க் கழிவு’. சிந்தியதை ஆயில் பேரலில் ஊற்றக் கூடாது என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

பலகைக்கு என் திருத்தம் இது:

எஞ்சினில் ஓடிய ஆயில். வேறு எதையும் கலக்காதீர்கள். ஷீட்டில் தடவ, மரத்தில் பூச, எரிக்கக் கொடுக்காதீர்கள். ஒப்படைக்கும் வரை மூடி வையுங்கள். பேரல் வைத்த தேதி: ____

தேதிக் கட்டம் 90 நாள் கணக்குக்காக. அதை விட்டுவிடாதீர்கள், சோதனைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஃபில்டருக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. பாடநூலில் ‘வடிகட்டி’ இருக்கிறது. சைட்டில் ‘வடிகட்டியைக் கவிழ்த்து ஆயில் முழுக்க இறங்கவிட்டு அப்புறம் ஒப்படைக்கவும்’ என்று எழுதினால் டீ மாஸ்டர்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள்.

கோவையிலிருந்து