காலாங் ஆற்றங்கரையில் ஒரு காலை

திருவையாற்றிலிருந்து:

இங்கே முன்பு ஒருவர் பாங்காக் பூங்காவில் உடும்பைப் பார்த்துப் பெஞ்சின் மேல் ஏறி நின்ற கதையை எழுதியிருந்தார், அதைப் படித்ததும் என் சிங்கப்பூர்க் கதையையும் சொல்லத் தோன்றியது. போன வருடம் தம்பி மகன் கூப்பிட்டான் என்று பத்து நாள் போயிருந்தேன். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரப் பயணம்தான், கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். முதல் நாள் தேக்கா சந்தை, சிராங்கூன் சாலை. பூக்கடை, வாழையிலை, கறிவேப்பிலைக் கட்டு எல்லாம் பார்த்தபோது கும்பகோணம் கடைத்தெருவை யாரோ கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் பீஷான் பூங்காவுக்கு நடக்கக் கூட்டிப் போனான். அங்கே ஏழு மணிக்குத்தான் சூரியன் வருகிறது. பூங்கா நடுவே ஓடுவது காலாங் ஆறு, அந்த நாட்டின் நீளமான ஆறு என்றான், எவ்வளவு என்று கேட்டால் பத்துக் கிலோமீட்டர். நம் ஊர்க் குடமுருட்டி ஆறு கேட்டால் சிரிக்கும்.

முதலில் கீச்சுக் குரல்தான் கேட்டது, ஏதோ பறவை என்று மரத்தை அண்ணாந்து பார்த்தேன். "பெரியப்பா, கீழ பாருங்க." தண்ணீரில் ஏழு தலைகள். நீர்நாய்! ஒன்று கரைக் கல்லில் ஏறி, பிடித்த மீனை இரண்டு கையாலும் குழந்தை சோளக்கதிர் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது, முள் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்கிறது, பத்தடிதான் இருக்கும். மீன் நம்ம ஜிலேபிக் கெண்டை. சங்கப் பாட்டில் நீர்நாய் வாளை பிடிக்கும் என்று படித்தோமே, இதற்கு அந்த வசதி இல்லை போலிருக்கிறது. தின்று முடித்ததும் புல்லில் மல்லாந்து கழுதை மாதிரிப் புரண்டு உடம்பைத் துடைத்துக்கொண்டது. பக்கத்தில் ஒருவர் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டே போகிறார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கிட்டே போகப் பார்த்தேன், பையன் சட்டையைப் பிடித்து இழுத்தான், குட்டி கூட இருந்தால் கடித்துவிடுமாம். வீட்டுக் குளங்களில் அலங்காரத்துக்கு வளர்க்கிற கோய் மீன்களையும் விட்டு வைப்பதில்லையாம். அதை அவன் சொன்னபோது முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

எனக்கு ஐம்பத்தாறு வயது. கொள்ளிடக் கரையிலேயே வளர்ந்தவன், உயிருள்ள நீர்நாயை அதுவரை பார்த்ததில்லை. தாத்தா ஒருமுறை மணலில் காலடித் தடத்தைக் காட்டி, "ராத்திரி வலையக் கிழிச்சது இதான்" என்றார், அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பீஷான் பூங்காவில் முன்பு இருந்தது நேர்கோடாகப் போன 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் வாய்க்கால். அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-இல் திறந்திருக்கிறார்கள். கல்லணைக் கால்வாயில் தரையிலும் கான்கிரீட் போடுகிறார்கள், தண்ணீர் எப்படி நிலத்துக்குள் இறங்கும் என்று நம் பக்கத்து விவசாயிகள் மறித்து நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பையனிடம் சொன்னேன், அவன் ஒன்றும் சொல்லவில்லை, காபி குடிக்கப் போகலாமா என்றான்.

மன்னார்குடியிலிருந்து:

அண்ணே, நான் அங்கே எட்டு வருடம் கட்டட வேலை பார்த்தேன், நீர்நாயை ஒரு நாளும் பார்த்ததில்லை. விடிவதற்கு முன்னால் லாரியில் ஏறி, இருட்டிய பிறகு இறங்கினால் எதைப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த காட்டு உயிர் ஜாவா மைனாதான். சாப்பாட்டுக் கடையில் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் போதும், கோழித்துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் விடிகாலைக் குயில். அது கூவினால் ஊர் ஞாபகம் வந்து தூக்கம் போய்விடும்.

ஆனால் இங்கே வந்த பிறகு பார்த்தேன்! போன கார்த்திகையில் மாமாவின் மீன்குட்டையில் ஒரு ஜோடி. மாமா வெடி வைத்து விரட்டலாம் என்கிறார், நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். குட்டை எங்கே இருக்கிறது என்றால்...

திருவையாற்றிலிருந்து:

தம்பி, இடத்தை இங்கே எழுதாதீர்கள். தோலுக்காகப் பிடிக்கிறவர்களும் படிப்பார்கள். தனியாகச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருகிறேன்.