மகேசுக்கு ஏன் பேச்சில்ல? யாஸ்மின் அகமட் படத்துல நம்மாளுங்க

லயத்துப் பையன்: நேத்து இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்துல ஒருத்தர் மைக்கப் புடிச்சு, "நம்மள மரியாதையா காட்டுன மலாய்க்கார இயக்குநர்னா அது யாஸ்மின் அகமட் தான்"னு பேசிட்டுப் போனாரு. பள்ளிக்கூடத் திறமைப் போட்டியப் பத்தி அவங்க எடுத்து 2009ல வந்த 'டேலண்டைம்' படத்துல, முஸ்லிம் பொண்ணு மெலூர் பாடுறா, சீனப் பையன் எர்ஹுங்குற ரெண்டு தந்தி வாத்தியம் வாசிக்கிறான். மெலூர காதலிக்கிற நம்ம பையன் மகேசுக்கு மட்டும் காதும் கேக்காது, பேச்சும் வராது. இதான் மரியாதையா?

டீச்சரக்கா: தம்பி, படத்தோட உயிரே மகேசு தான். கடைசியில மெலூர் பாட முடியாம தவிக்கிறப்போ கையாலயே பேசுறானே, அத மறந்துட்டியா? யாஸ்மின் அம்மா 1958ல மூவார்ல பொறந்தவங்க. வருசக்கணக்கா விளம்பரத்துல உழைச்சு, 2003ல தான் 'ரபுன்' படம் எடுத்தாங்க. பெட்ரோனாஸ் எண்ணெய்க் கம்பெனிக்கு அவங்க எடுத்த தீபாவளி விளம்பரத்தப் பாத்து எங்க வீட்ல எல்லாரும் அழுதோம்.

லயத்துப் பையன்: விளம்பரத்த விடுங்கக்கா. பேச்சு ஏன் இல்ல?

பால்மரம்77: காது கேக்கலன்னா கேவலமா? என் தங்கச்சிக்கும் கேக்காது. அவ சைகை பாஷையில சண்டையே போடுவா. அவமரியாதை பண்றது நீ தான்.

லயத்துப் பையன்: அண்ணே, ஒங்க தங்கச்சிய நான் ஒண்ணும் சொல்லல. மூணு இனத்துல யாருக்கு வேணும்னாலும் குடுத்திருக்கலாம், நமக்குத் தான் குடுத்தாங்க. போதாததுக்கு மாமன் கணேசன் கல்யாணத்தன்னைக்கே சாவுறான். எழவும் நம்ம வீட்ல தானா?

டீச்சரக்கா: அந்த எழவு இல்லன்னா மகேசோட அம்மா ஏன் மெலூர ஏத்துக்க மாட்டேங்குறான்னு எப்படிப் புரியும்? பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆளுங்களோட தகராறுல கூடப்பொறந்தவனப் பறிகொடுத்தவ! யாஸ்மினோட இன்னொரு படம் 'செப்பெட்'ல மலாய்ப் பொண்ணு சீனப் பையன காதலிச்சதுக்கே, கலாச்சாரத்தக் கெடுக்குறாங்கன்னு யாஸ்மின அவங்க ஆளுங்களே ஏசுனாங்க. அவங்களயா இனம் பாத்தவங்கன்னு சொல்ற?

லயத்துப் பையன்: பேச்சு ஏன் இல்லன்னு கேட்டேன், 'செப்பெட்' கதைய சொல்றீங்க. பள்ளிக்கூட விழாவுல எங்க நாடகத்த பாதியில நிறுத்துனப்பவும் இப்படித்தான், கேட்டதுக்குப் பதிலே வரல.

டீச்சரக்கா: அந்த நாடகத்துல குடிகாரனா நடிச்சது யாரு? தோட்டத்து அப்பான்னா போத்தலோட தான் வரணுமா? அத எழுதுன கையா மரியாதைய பத்தி எழுதுது?

பால்மரம்77: அப்படிக் கேளுங்கக்கா!

லயத்துப் பையன்: எங்க லயத்துல நடந்தத எழுதினேன். வெளியாளு எழுதுறதும் நான் எழுதுறதும் ஒண்ணா?

டீச்சரக்கா: வெளியாளா? ஈப்போவுல எடுத்த படம், இங்கேருந்து பக்கம். படம் வந்த நாலே மாசத்துல, 2009 ஜூலையில, 51 வயசுல போயிட்டாங்க. இருந்திருந்தா இன்னும் எத்தன எடுத்திருப்பாங்க!

லயத்துப் பையன்: செத்ததுக்கு எனக்கும் வருத்தம் தான். மகேசுக்கு ஏன் பேச்சில்லன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்குறீங்க.

பால்மரம்77: மொதல்ல படத்த முழுசா பாத்தியா, இல்ல யாரோ அனுப்புன துண்டு வீடியோவா?

லயத்துப் பையன்: ரெண்டு தடவ பாத்தேன். ஒங்கள மாதிரி மண்டபத்துல கை தட்டிட்டு வரல.