ஆக்ஸ்ஃபோர்டின் ஜெரிக்கோ பகுதி எப்படி உருவானது?

கேள்வி:
ஆய்வுப் படிப்பிற்காக ஆக்ஸ்ஃபோர்டு வந்துள்ள எனக்கு, வால்டன் தெருவுக்கு மேற்கே உள்ள ஜெரிக்கோவில் அறை கிடைத்துள்ளது. கல்லூரிகள் நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தும், இங்கே தெருவோடு வாசல் ஒட்டிய சிறிய செங்கல் வீடுகள்தாம் வரிசையாக நிற்கின்றன. இவை மாணவர்களுக்காகவே கட்டப்பட்டவையா?

பதில் 1:
இல்லை, உழைப்பாளிகளுக்காகக் கட்டப்பட்டவை. நகர மதிலுக்கு வெளியே தோட்டமும் புல்வெளியுமாகக் கிடந்த இந்நிலத்தின் ஓரமாக 1790இல் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் வந்து சேர்ந்தது. அதன் வழியே படகுகளில் நிலக்கரி வந்திறங்கியது. 1825இல் கால்வாயை ஒட்டி ஓர் இரும்பு வார்ப்பாலை அமைந்தது. பின்னாளில் அதை நடத்திய லூசி நிறுவனத்தின் பெயர் பொறித்த வார்ப்பிரும்பை நகரத் தெருக்களில் நீங்கள் இன்றும் காணலாம். எனினும் ஊரை நிலைநிறுத்தியது, 1830இல் நகர நடுவிலிருந்து வால்டன் தெருவுக்கு மாறிய பல்கலைக்கழக அச்சகமே. அச்சுக் கோப்பவர்களும் இயந்திரம் ஓட்டுபவர்களும் நடந்து வேலைக்குப் போகும் தொலைவில் குடியிருக்க வேண்டியிருந்ததால், அடுத்த சில பத்தாண்டுகளில் தெருக்கள் ஒவ்வொன்றாக முளைத்தன.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் அந்த வாழ்க்கை எளிதாக இருந்ததில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். தாழ்வான, ஈரம் தேங்கும் நிலத்தில் முறையான வடிகால் இல்லாமல் வீடுகளை நெருக்கிக் கட்டியதால், காலராவும் டைஃபாய்டும் இங்கே பலமுறை பரவின. அச்சகத்தின் மேற்பார்வையாளராக இருந்த தாமஸ் கோம்ப், இத்தொழிலாளர்களுக்காகத் தம் செலவில் புனித பர்னபாஸ் தேவாலயத்தை எழுப்பினார். அது 1869இல் அர்ப்பணிக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஆர்தர் ப்ளோம்ஃபீல்ட், கல் செதுக்கும் செலவைத் தவிர்த்து, கரடுமுரடான கற்களால் சுவர் எழுப்பி அதன்மேல் சிமெண்ட் பூசினார். அருகில் சென்று சுவரைப் பாருங்கள்; கல்லூரிகளின் மெருகு அதில் துளியும் இல்லை. இத்தாலியப் பாணியிலான அதன் உயர்ந்த மணிக்கோபுரம் கால்வாய்க் கரையிலிருந்தே தெரியும். என் கண்ணுக்கு, ஆக்ஸ்ஃபோர்டின் பல புகழ்பெற்ற தேவாலயங்களைவிட இதுவே அழகானது.

பதில் 3:
இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வீடுகள் பாழடைந்திருந்தபோது, 1960களில் இப்பகுதியை இடித்துத் தொழில்கூடங்களுக்கு ஒதுக்கும் எண்ணம் நகராட்சியில் எழுந்தது. குடியிருப்பாளர்கள் எதிர்த்து நின்றதால் பெரும்பாலான வீடுகள் தப்பின. பிறகு அவை பழுதுபார்க்கப்பட்டன. அதுவே ஒரு வகையில் வினையாகவும் முடிந்தது. அழகு கூடக் கூட விலையும் கூடி, அச்சுத் தொழிலாளியின் வீடு இன்று பேராசிரியருக்கே எட்டாத சொத்தாகிவிட்டது. அச்சகத்தில் அச்சிடும் பணி 1989இல் நின்றது. பதிப்பகம் மட்டும் அங்கேயே இருக்கிறது. வார்ப்பாலை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்துவிட்டன. 1770இல் தொடங்கிய ராட்கிளிஃப் மருத்துவமனை 2007இல் மூடப்பட்டபின், அந்த வளாகத்தில் பல்கலைக்கழகம் கணிதத் துறைக்குப் புதிய கட்டடம் எழுப்பியது. மாணவர் பேட்டை என்ற தோற்றம் இப்பகுதிக்கு மிகவும் பிந்தி வந்ததுதான்.